குட்டியைப் பிடித்துக் கொடுத்த நாள்

இருபதாம் நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டிய வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். நான் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. வீட்டில் நான், மனைவி, ஐந்து வயது மகள், அவ்வளவுதான். மகள் ஆசைப்பட்டாளென்று பால்காரர் ஒருவரிடமிருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தேன்.

வந்த புதிதில் அது என் விரலைச் செல்லமாகக் கடிக்கும். மகள் கைதட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் விரலை நீட்டினேன். இரண்டு மாதத்தில் பல் கூர்மையாகிவிட்டது. மகளின் பாவாடையைப் பிடித்து இழுத்தது, கணுக்காலைக் கவ்வியது. அவள் அலறி ஓடினால், விளையாட்டென்று நினைத்து இன்னும் வேகமாகத் துரத்தியது. நான் அதன் மூஞ்சியிலேயே அடித்தேன். அடிக்க அடிக்கக் கடி கூடியதே தவிர குறையவில்லை.

“அடிக்காதீங்க,” என்றாள் மனைவி. “கையக் கடிக்கப் பழக்குனதே நீங்கதான். இப்ப அடிச்சா அதுக்கு என்ன புரியும்?”

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஈரத்துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு, குட்டி கடிக்க வரும்போதெல்லாம் அதை வாயில் கொடுத்தாள். அப்படியும் கையைக் கடித்தால் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள். மகளிடம், “ஓடாத, மரமாட்டம் நில்லு. தானா விட்டுடும்” என்று சொல்லிவைத்தாள். குட்டி மெல்ல மெல்ல அடங்கத்தான் செய்தது. எனக்குத்தான் பொறுமையில்லை.

ஒரு நாள் காலை, மகள் கையில் பணியாரத்தோடு வாசலில் ஓடினாள். குட்டி பாய்ந்து கவ்வியதில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. ஊரெல்லாம் வெறிநாய்ப் பயம் பரவியிருந்த சமயம். நாய்களைச் சுடுவதற்கென்றே ஆட்கள் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தார்கள்.

“கட்டிப் போடுங்க, போதும்” என்று மனைவி கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. கயிறு கட்டி நானே கூட்டிப்போய் அந்த ஆட்களிடம் கொடுத்தேன். அது வாலை ஆட்டிக்கொண்டே கூட வந்தது. நான் தெருமுனை திரும்புவதற்குள் வெடிச்சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் மகளை டாக்டரிடம் தூக்கிப் போனோம். காயத்தைக் கழுவியபடி, “நாய் எங்க?” என்று கேட்டார். சொன்னேன். கழுவுவதை நிறுத்திவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார்.

“கட்டிப் போட்டுப் பத்து நாள் பாத்திருக்கலாமே. அது நல்லா இருந்தா பயமே இல்ல. இனி எத வச்சுச் சொல்றது?”

வெறிநாய்க்கடிக்கு ஊசி போடக் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகவேண்டிய காலம் அது. எங்களால் ஆகாத காரியம். காத்திருந்தோம். தண்ணீரைக் கண்டு மிரள்வதுதான் அந்த நோயின் அடையாளம் என்பதால், மகள் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் அவள் “வேணாம்” என்று தம்ளரைத் தள்ளியதும், மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்கில் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெகுநாள் கழித்து ஒரு முறை, “நான் ஓடுனதுனாலதான் அதைச் சுட்டாங்களாப்பா?” என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். யாரால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அன்று நான் செய்தது வெறும் கோபம்தான் என்பதை, இத்தனை வருஷம் கழித்தும் மகளிடம் ஒப்புக்கொள்ள முடியாமல் இருக்கிறேன்.