லேமினேஷன் போட்ட கடிதம்

அன்று மதுரை பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு வெளியே அப்பாவும் நானும் சித்தப்பாவும் இருந்தோம். அம்மா வரவில்லை. திருமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் களையெடுப்புக்குப் போயிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய பெரிய டாக்டரும் வரவில்லை.

அப்பாவின் நாக்கில் இருந்த புண் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். தாடைக்குப் பரவுவதற்குள் அறுத்தெடுக்க வேண்டும். அதற்குச் சென்னையில் ஒரு சிறப்பு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இலவசமாகச் சேர்க்க மதுரை டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

மறுநாளும் போனோம். கடிதம் டைப் ஆகியிருந்தது. சீல் அடிக்கிறவர் சாப்பிடப் போனவர் திரும்பவில்லை. சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்டா, டிகிரி முடிச்சவன்தான நீயி? இங்கிலீசுல ரெண்டு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார். கேட்டேன். நர்ஸ் தமிழில் உட்காரச் சொன்னார்.

மூன்றாம் நாள் கடிதம் கிடைத்தது. ஒற்றைத் தாள். பச்சை மையில் கையெழுத்து, அதன்மேல் பாதி விழுந்த சீல். அப்பா அதை வேட்டி மடிப்பில் செருகப் போனார். வியர்வையில் நனைந்துவிடும் என்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி சர்டிபிகேட் வரை எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். முக்கியமான காகிதத்தை அப்படித்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். சூடாக வெளியே வந்ததை அப்பா தடவிப் பார்த்தார்.

"இப்பத்தான்டா இதுக்கு ஒரு மருவாதி வந்திருக்கு."

அந்தப் புண்ணோடு அவர் அவ்வளவு பேசுவதே அபூர்வம்.

அப்பாவும் நானும் சென்னைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பதிவு எண் எழுதி, சீல் வைத்து, கோப்பில் சேர்க்க வேண்டுமாம். பேனா வழுக்கியது. சீல் மை விரலோடு வந்தது. இது செல்லாது, புதிதாக வாங்கி வாருங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா போட்டான்."

சொல்லிவிட்டு வலியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, ஓரத்தை பிளேடால் கீறி மெதுவாக உரித்தேன். தாள் இரண்டாகப் பிரிந்தது. பச்சைக் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, ஊருக்குப் போவோம் என்று கையைக் காட்டினார்.

மதுரையில் பெரிய டாக்டர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதில் வந்தவர், புது ஸ்கேன் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். ஸ்கேனுக்கு வரிசை. கடிதம் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. அதை ஒரு நோட்டுக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு அப்பாவோடு மறுபடி சென்னைக்குப் போனேன். இந்த முறை சீல் நன்றாக விழுந்தது.

உள்ளே டாக்டர் அப்பாவின் தாடையை அழுத்திப் பார்த்தார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனி அறுத்துப் பயனில்லை என்றார். "போன மாசம் வந்திருந்தா பாத்திருக்கலாம் தம்பி."

முதல் கடிதம் லேமினேஷனால் கெட்டதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அப்பாவும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

அன்று கடைக்காரர் லேமினேஷனுக்கு நாற்பது ரூபாய் கேட்டார். அப்பா மூன்று விரலைக் காட்டினார். முப்பது ரூபாய்க்கு முடிந்தது.