நட்டின் மேல் வைத்த சந்தனம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பழைய வேன் வாங்கினேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கப் பலகை, ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாம் வைத்து ஒரு குட்டி வீடாகவே ஆக்கியிருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே குவார்ட்டர்ஸில் இருந்த நாங்கள் லீவு விட்டால் அதில்தான் குடியிருப்போம். அதன் மேல் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

ஓர் ஆயுத பூஜைக்கு நான்கு சக்கரங்களையும் கழற்றி, டிஸ்க்குகளுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்தேன். கடல் காற்றுக்குத் துரு பிடிக்கிறதே என்று நட்டு உட்காரும் இடத்திலும் தாராளமாக இரண்டு கோட்டிங். சாயங்காலம் பூஜை, காயும்வரை பொறுமை இல்லை. சக்கரத்தை மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து முறுக்கினேன். மனைவி ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். சந்தனம் நட்டிலிருந்து டிஸ்க் வரைக்கும் வழிந்து காய்ந்தது. பெயிண்ட் பாழாகிறதே என்று முணுமுணுத்தேன்.

மறுநாள் காலை இரண்டு பிள்ளைகளோடு வேடந்தாங்கல் கிளம்பினோம். பறவைகள் இன்னும் வந்திருக்காத மாதம்தான். வண்டியை ஓட்ட எனக்கு ஒரு சாக்கு வேண்டுமே. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இடப்பக்கம் தடதடவென்றது.

"என்னங்க, ஏதோ சத்தம் கேக்குது."

"ரோடு அப்படி. நீ பேசாம வா."

இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. செங்கல்பட்டு நெருங்கும்போது சின்னவள் ஒன்றுக்கு வருகிறது என்றதால்தான் நிறுத்தினேன். அவளோடு இறங்கிய மனைவி முன் சக்கரத்தருகே அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் வெச்ச சந்தனம் வெடிச்சிருக்கு, பாருங்க. நட்டுல இருக்கறதும் டிஸ்க்ல இருக்கறதும் நேரா இல்ல."

நட்டைத் தொட்டேன். விரலோடு சுற்றிக்கொண்டு வந்தது. ஐந்தில் மூன்று அப்படி. உள்ளே பெரியவன் பலகையில் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, எதிரிலேயே பஞ்சர் கடை. கடைக்காரர் ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், பெயிண்ட்டு மேலயே நட்டு போட்டுக்கீறே! பெயிண்ட்டு நசுங்கிச்சின்னா நட்டு லூசாவாம இன்னா பண்ணும்?"

நான்கு சக்கரங்களிலும் நட்டு உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்தார். ஒரு நட்டைப் பூட்டினால் அடுத்தது பக்கத்தில் உள்ளதல்ல, எதிர்ப்பக்கம் உள்ளது. ஜாக்கியை இறக்கிய பிறகே கடைசி முறுக்கு; அதுவும் மிதிக்காமல், கையால்.

"வேடந்தாங்கல் போய் சேந்ததும் இன்னொரு தபா ஸ்பேனர் போட்டுப் பாரு சார்."

போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. மனைவி கைப்பையிலிருந்த பூஜைச் சந்தனத்தை ஒரு டப்பாவில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். டப்பாவை நான் வாங்கிக்கொண்டு, இருபது நட்டுக்கும் டிஸ்க்வரை இழுத்துப் பூசினேன்.

வேடந்தாங்கலில் ஒரு பறவைகூட இல்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு கோடும் விலகவில்லை. ஸ்பேனர் போட்டேன், ஒன்றும் அசையவில்லை. சந்தோஷத்தில் டயரில் சாய்ந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ரோடு எப்படி?" என்றாள் மனைவி.