நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பூஜ்யம்

இயற்பியல் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேர்கோட்டு அக்கா என்றால்தான் தெரியும். மாடிப்படி ஏறும்போதே சுவரில் கோணலாகத் தொங்கும் படச்சட்டத்தை ஒரு விரலால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் தன் அறைக்குப் போவாள். எதிரே இருப்பவர் மேசையில் பேனா குறுக்கே கிடந்தால் அவர் பேசுவது எதுவும் அவள் காதில் ஏறாது. பேனா நேரான பிறகுதான் ஏறும். இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு வேலை. முதலில் இரும்பு இயந்திரம், பிறகு கணினி. கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி.

"இந்தக் குறிக்கெல்லாம் அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனா எதை எங்க வைக்கணும்னு தெரியும்" என்று சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமைதான் அவளைக் குப்புறத் தள்ளியது.

அங்கே ஒரு பேராசிரியர். அவளைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் அவள் ஊருக்கே அக்கா என்பதால் அவருக்கும் அக்கா. அணுவுக்குள் நடக்கிற கூத்தைக் கணக்கில் கட்டிவைக்கிற பாடம் அவருடையது. குவாண்டம் கோட்பாட்டின் கணித அடித்தளம் என்று அதற்குப் பெயர். இருபது வருடமாக வகுப்பில் சொன்னதை ஒரு புத்தகமாக்க வேண்டும், அதுவும் தமிழில்தான் ஆக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். குறிகளுக்குக்கூட அயல் எழுத்து வேண்டாமாம். துகள் இருக்கும் இடத்துக்கு 'இ'. அது பாய்கிற பாய்ச்சலுக்கு, அதாவது உந்தத்துக்கு, 'உ'. கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். அவள் ஒருத்திக்குத்தான் பிடிபடும்.

மூன்றாம் அத்தியாயம் வந்தபோதுதான் வினை வந்தது. ஓரிடத்தில் 'இஉ' என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே 'உஇ'. அடுத்த வரியில் மறுபடி 'இஉ'. அவளுக்குக் கை அரித்தது. மூன்றை நாலால் பெருக்கினாலும் நாலை மூன்றால் பெருக்கினாலும் பன்னிரண்டுதானே? மனிதர் அவசரத்தில் மாற்றி மாற்றி எழுதிவிட்டார், பாவம் என்று நினைத்தாள். அகரவரிசையில் இகரம் முன்னால், உகரம் பின்னால். 'உஇ' வந்த இடத்திலெல்லாம் 'இஉ' என்று போட்டாள். மொத்தம் பதினேழு இடம். முடித்துவிட்டுப் பார்த்தால் பக்கம் தலைவாரிப் பொட்டு வைத்த பிள்ளை போல இருந்தது.

கேட்டிருக்கலாம். பேராசிரியர் அப்போது கண்புரை அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்தார். அச்சகத்திலிருந்து பிழை பார்க்கிற அச்சுப்படி வந்ததும் தொலைபேசியில் சொன்னாள்.

"நீங்களே ஒரு தடவை பாத்திடுங்கக்கா. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

"நான் பாத்துக்கிறேன் சார். நீங்க கண்ணைப் பாத்துக்குங்க."

தான் மாற்றியதைப் பற்றி மூச்சு விடவில்லை. தப்பைச் சொல்லிக்காட்டினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாளாம்!

புத்தகம் வந்தது. துறையின் பெரிய அறையில் கூட்டம் வைத்தார்கள். முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி. அவளுடைய வீட்டுக்காரர் தையற்காரர். அவரும் கடையை அரைநாள் சாத்திவிட்டு, தான் தைத்த புதுச்சட்டையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னுரையின் கடைசி வரியை அவர் ஏற்கெனவே நாலு பேரிடம் காட்டியாகிவிட்டது. 'ஒரு புள்ளிகூடப் பிசகாமல் இந்நூலைத் தட்டச்சு செய்த சகோதரிக்கு நன்றி' என்று அதில் இருந்தது.

பேராசிரியர் பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், நாப்பத்தொண்ணாம் பக்கம். 'இஉ'லேருந்து 'இஉ'வைக் கழிச்சா ஒரு சின்ன எண் மிஞ்சும்னு போட்டிருக்கு. ஒண்ணுலேருந்து அதையே கழிச்சா பூஜ்யம்தானே சார்?"

"அப்போ குவாண்டமே கிடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது.

பேராசிரியரும் சிரித்துக்கொண்டேதான் புத்தகத்தைத் திறந்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த பக்கம் திருப்பினார், அதற்கடுத்ததும் திருப்பினார். சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"மன்னிக்கணும்" என்றார். "இது என் தப்பு. எப்படி எழுதினேன்னு எனக்கே தெரியல."

தான் மாற்றிய பதினேழு இடமும் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"ஏன் சிரிக்கிறாங்க?" என்று வீட்டுக்காரர் காதைக் கடித்தார்.

"ஒண்ணுமில்ல. பேசாம இருங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "இதைச் சுத்தமா அடிச்சுக் குடுங்கக்கா. துறைத் தலைவர் திங்கட்கிழமைதான் ஊர்லேருந்து வர்றார். கையில குடுத்துடலாம்."

படித்தாள். உடல்நிலை காரணமாக இனிமேல் வகுப்பு எடுக்க இயலாது என்று எழுதியிருந்தது.

"என்ன சார் இது?"

"எங்கப்பா கணக்கு வாத்தியார். முதல்ல கரும்பலகையில சின்னச் சின்னத் தப்பா வந்துச்சு. அப்புறம் வாய்ப்பாடு மறந்துச்சு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டார்." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு இடம்னா கைப்பிழைனு விடலாம். பதினேழு இடம். அதுவும் எதுல? இடத்தை முதல்ல வெச்சா ஒரு விடை, உந்தத்தை முதல்ல வெச்சா வேற விடை. அந்த வித்தியாசம் ஒரு துளிதான். ஆனா அந்தத் துளிமேலதான் பாடமே நிக்குது. அதையே அழிச்சு வெச்சிருக்கேன். இனிமே பிள்ளைங்க முன்னால போய் நிக்க எனக்குப் பயமா இருக்கு."

நான்தான் மாற்றினேன் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு பேச்சு.

"அச்சகத்துல எதாவது மாத்தியிருப்பாங்களோ சார்?"

"நீங்க பாத்து அனுப்பின அச்சுப்படி. உங்க கை தப்பு பண்ணுமா?"

அவள் தன் அறைக்குப் போய் அந்தக் கடிதத்தை அடித்தாள். அதில் ஒரு பிழையும் இல்லை.

பேராசிரியரின் கையெழுத்துத் தாள்கள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். ஒருபக்கம் வெற்றாக இருந்த தாள்கள். வீணாக்குவானேன் என்று வாடிக்கையாளர் அளவு எழுதிக்கொள்ள வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தாள். மதியம் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனாள். சுவர்க் கம்பியில் குத்தியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவினாள்.

"எதைத் தேடுற?"

"மூணாம் அத்தியாயம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வங்கிக்காரர் தொப்பை அளவு வேணும்னா எடுத்துக்கோ."

தேடும்போது அவள் மனம் என்ன வேண்டிக்கொண்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தான் கை வைக்கும் முன்பே அவர் தாறுமாறாக எழுதியிருக்கட்டும், தப்பு அவருடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. அவர் மூளை கெட்டால் கெடட்டும், தன் கை கெடாமல் இருக்கட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்படியும் வேண்டிக்கொண்டாள்.

அந்த அத்தியாயத்துத் தாள் மூன்று கிடைத்தன. முதல் தாளில் ஒருபக்கம் 'மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை'. மறுபக்கம் தெள்ளத் தெளிவாக 'உஇ'. அதன் அடியில் ஒரு சின்னக் கோடுகூட இழுத்திருந்தார். அவருக்கே சந்தேகம் போல என்று அன்று அவள் நினைத்த கோடு அது.

தாள்களோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். காலடியில் ஒரு வாளி இருந்தது. அதில் வீட்டுக்காரர் பருத்தித் துணியை ஊறவைத்திருந்தார்.

"என்னங்க, இதை வெட்டிட்டு அப்புறமா நனைச்சா என்ன?"

"மூளை குழம்பிடுச்சா? நனைச்சு வெட்டினா அண்ணனுக்குச் சட்டை. வெட்டி நனைச்சா சுருங்கித் தம்பிக்குச் சட்டை. இருபத்தெட்டு வருஷமா இந்த வாளியைத் தாண்டித்தானே நடக்கிறே?"

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தினமும் காலில் இடறிய வாளி. நனைப்பதும் வெட்டுவதும் அதே இரண்டு வேலைதான். வரிசை மாறினால் துணி வேறு. மூன்றும் நாலும் பன்னிரண்டு என்பதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டிலேயே கண்ணால் பார்த்ததை மறந்திருக்கிறாள். விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னாள்.

வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "என் தலையில போட்டுடு. தாளைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டார், அதனால ஞாபகத்துலேருந்து அடிச்சேன்னு சொல்லிடு. எனக்கென்ன, அவர் எனக்குப் பாடமா எடுக்கப்போறார்?"

அவர் அன்பில் சொன்னது. அவள் உடனே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனி முழுக்க அந்த யோசனையை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஞாயிறு மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி, "அது சரிப்படாதுங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

திங்கள் காலை பேராசிரியர் உறையை எடுத்துக்கொண்டு அறையைவிட்டுக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றாள். மூன்று தாள்களை நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். "மார்பு முப்பத்தெட்டா?"

"திருப்புங்க சார்."

திருப்பினார். நின்ற இடத்திலேயே படித்தார். இரண்டாவது தாள், மூன்றாவது தாள். பிறகு வெடித்துச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன்! அக்கா, பாருங்க, எனக்கு ஒண்ணுமில்ல! கோடுகூடப் போட்டிருக்கேன்!"

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருப்பாள்.

"நான்தான் மாத்தினேன் சார். அழகா இருக்கட்டும்னு. உங்களைக் கேக்கல." இத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். நிறுத்த மனசு வரவில்லை. "வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் அச்சகத்து மேல பழியைப் போட்டுப் பாத்தேன்."

சிரிப்பு நின்றது.

"வெள்ளிக்கிழமையேவா?"

"ஆமா சார்."

"தெரிஞ்சேவா இந்தக் கடிதத்தை அடிச்சுக் குடுத்தீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாள் அவர் எந்தப் பயத்தோடு உட்கார்ந்திருந்தாரோ அதே நாற்காலி. உறையை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அவளைப் பார்க்காமலே, "திருத்தச் சீட்டு தயார் பண்ணுங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

சீட்டில் பதினேழு இடத்தையும் வரிசையாகப் போட்டு, அடியில் 'இவை தட்டச்சு செய்தவரின் பிழைகள்' என்று அடித்துக் கொண்டுபோனாள். அவர் அந்தக் கடைசி வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதே வரியை மறுபடி போட்டுக் கொண்டுபோனாள். மறுபடி அடித்தார். மூன்றாம் தடவையும் அதே வரியோடு போய் நின்றாள்.

"என்ன பிடிவாதம் இது?"

"என் தப்புக்கு உங்க பேர் மூணு நாள் சிரிப்பாச் சிரிச்சுதே சார். என் தப்பு என் பேர்லயே இருக்கட்டும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். வரி நின்றது.

முந்நூறு பிரதி. ஒவ்வொன்றிலும் அவள் கையாலேயே சீட்டு ஒட்டினாள். துறை உதவியாளர் எட்டிப்பார்த்து, "நேர்கோட்டு அக்கா ஒட்டுற சீட்டே கோணலா இருக்கே!" என்று சிரித்தார். உண்மைதான், அன்று அவள் எதையும் பிய்த்து நேராக்கவில்லை. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் முன்னுரைப் பக்கம்தான் முதலில் விரிந்தது. 'ஒரு புள்ளிகூடப் பிசகாமல்'. முந்நூறு தடவை அதைப் பார்த்தாள். அந்த வரியையும் ஒரு சீட்டால் மறைத்துவிடட்டுமா என்று போய்க் கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் அவர், எழுதுவதை நிறுத்தாமல். அது மன்னிப்பா தண்டனையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

ஆறேழு மாதம் கழித்து இரண்டாம் பதிப்புக்குப் புது அத்தியாயம் ஒன்று வந்தது. அதில் 'உஇ' வரும் ஒவ்வோர் இடத்திலும் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"இது இப்படியேதானா சார்?"

"இப்படியேதான்."

மறுபடி போனாள். "இதுவும் இப்படியேதானா?"

"இப்படியேதான்."

நாலாம் தடவை அவர் நிமிர்ந்து பார்த்தார். "எழுதினபடியே அடிங்கக்கா. போதும்."

அவர் வாயால் அக்கா என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். காது மடல் இரண்டும் சூடாகியிருந்தன. தாளில் இன்னும் ஒன்பது இடம் மிச்சம் இருந்தது. எழுதினபடியே அடித்தாள்.