குழி ஒன்று, ஆள் நாலு

எனக்கு வந்திருந்த வியாதிக்குப் பெயர் வைத்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபம், தரையெல்லாம் சிவப்புக் கம்பளம், மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல். பல தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்த உத்தியோகத்தர்களை வரிசையாக உட்கார வைத்து, வேலைப் பளுவில் மனிதன் உள்ளுக்குள் எப்படிக் கருகிப்போகிறான் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூச்சை இழுத்து, நான்கு வரை எண்ணி, மெதுவாக விடச் சொன்னார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டு ஓய்வின் அருமையை எங்களுக்கு விளக்கினார் அந்த மனிதர்.

அவரை நான் குறை சொல்லவில்லை. பேச அழைத்தார்கள், பேசினார். எங்களை அனுப்பிவைத்த துரையை, அதாவது தோட்டத்து மேனேஜரை, நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அவர் கேட்டிருந்தார், சனிக்கிழமைக் கொழுந்து ஏன் குறைவு என்று. நான் ஒரு கண்ணைத் திறந்து பதில் எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரரும் ஒரு கண்ணைத் திறந்து தன்னுடைய துரைக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். சனங்கள் பழைய வழக்கப்படி கண்டாக்கையா என்பார்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று, வந்த ஆட்களை எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது வேலை. அது பழைய வேலை. புதிய துரை வந்த பிறகு இன்னொரு வேலை சேர்ந்தது, படம் பிடிப்பது. கொழுந்து நிறுத்தால் படம், தண்ணீர் ஓடக் கான் வெட்டினால் படம், செடிகளைத் தறித்துக் கவ்வாத்து முடிந்தால் படம். கன்று நடக் குழி வெட்டினால், அடி குறித்த கம்பு ஒன்றைக் குழிக்குள் நிறுத்தி, ஆழம் தெரியும்படி படம். கீழே நீளம், அகலம், ஆழம், எத்தனை ஆள் என்று எழுதிக் குழுவில் போட வேண்டும். படம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். துரை ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினால் அன்றைக்குத் தப்பித்தோம்.

துரை என்றதும் குதிரையில் வந்த வெள்ளைக்காரனை நினைக்க வேண்டாம். என்னைவிட ஆறு வயது இளையவர். மலைக்கு வாரத்தில் ஒரு நாள் வருவார், அதுவும் மழை இல்லாவிட்டால். மற்ற நாட்களில் தோட்டம் அவருடைய உள்ளங்கைக்குள் இருந்தது. அந்தக் கையில் ஒரு விரல் எழும்புமா என்று பார்த்துக்கொண்டு, மீசை நரைத்த நான், தேயிலைக்குள் நெட்வொர்க் தேடி மேட்டுக்கு மேடு ஏறிக்கொண்டிருந்தேன். அவரை வெறுக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என்னை வெறுக்க இன்னும் நிறைய உண்டு.

வீட்டில் நான் இருந்த லட்சணத்தைச் சொல்லவே கூசுகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குவார்ட்டஸில் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது எங்கள் இருவருக்குள்தான் இருக்க வேண்டும். மனைவி வாயைத் திறந்தால் சுருக்கமாகச் சொல் என்பேன், கங்காணியிடம் சொல்வதுபோல. சோற்றில் கை வைத்தபடி தூங்கியிருக்கிறேன். ஒரு தடவை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது இன்றைக்கு ஏன் தாமதம் என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு முறை தெளிவாகவே சொன்னாள், இப்படியே போனால் ராகலைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. கோபத்தில் சொல்கிறவள் அல்ல அவள். அது எனக்குத் தெரியும், பயமாகவும் இருந்தது. பயந்துகொண்டே அடுத்த படத்தைப் பிடிக்கப் போனேன்.

அவளுடைய அப்பா அப்போது எங்களோடு இருந்தார். அதே தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். தொழிலாளர் லயத்துப் பெண்ணை உத்தியோகத்தன் கட்டியதில் மற்ற உத்தியோகத்தர்களுக்கு வருத்தம் உண்டு, அவருக்கோ கூச்சம். நாலு பேர் முன்னால் என்னை ஐயா என்பார், வீட்டுக்குள் மட்டும் மாப்பிள்ளை. மாமியார் போன பிறகு லயத்தில் தனியாக இருந்தவரை, வயிற்றில் வலி என்று படுத்ததும் மனைவி எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். முன் அறையில், கதவை ஒட்டிக் கட்டில். தினமும் காலையில் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துதான் நான் சப்பாத்து மாட்டினேன்.

வயிற்றுக்குப் பார்க்கும் பெரிய டொக்டர் ஒருவர் கண்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஹட்டனுக்கு வருவார். மனைவி சேனல் பண்ணி நம்பர் எடுத்து வைத்திருந்தாள். ஒரே ஒரு ஞாயிறு கூட வாருங்கள் என்றாள். அந்த ஞாயிறுதான் நுவரெலியாவில் மூச்சுப் பயிற்சி. கட்டாயம் போக வேண்டும் என்று துரை எழுதியிருந்தார். நான் போனேன். அவள் ஒரு திரீவீலில் அப்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். முற்றிவிட்டது, விரும்பியதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னாராம். அவள் அதைச் சொன்னபோது நான் பயிற்சியில் எடுத்த படங்களைக் குழுவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதையும் ஏற்றத்தான் வேண்டும் என்பது உத்தரவு.

மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து அடங்காமல் கிளம்பிய மாதம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மாமனார் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகம் கழுவிவிட்டுப் பெரட்டுக்குப் போனேன். ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு வந்து அழுதால் போதும் என்று நினைத்தேன். துரைக்குப் போன் பண்ணினேன். வருத்தம், மிகவும் வருத்தம் என்றார். மூச்சு விடாமல் அடுத்ததாகக் கேட்டார், பின்னேரக் கொழுந்து நிறுவையை யார் பார்ப்பது என்று.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டும் நாலு பேருக்குத் தோட்டமே அன்றைய பேரைப் போடும். அதாவது, அவர்கள் அன்று மலையில் வேலை செய்ததாகவே பதிவாகும். பேர் போட வேண்டியவன் கண்டாக்கையா. செத்தவர் என் மாமனார் என்பதற்காக அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விடாது. கன்றுக்குழி வெட்டுகிற கூட்டத்திலிருந்தே நாலு பேரைப் பிரித்து அனுப்பினேன். பிரேதத்தைக் குளிப்பாட்டும் நேரத்தில், குழி முடிந்துவிட்டதா பார்த்து வருகிறேன் என்று நானும் மயானத்துக்கு ஏறினேன். கையில் அந்த அடி குறித்த கம்பு இருந்தது. வீட்டை விட்டு இறங்கும்போது கதவு மூலையிலிருந்து அதை எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை.

குழி முடிந்திருந்தது. நல்ல குழி, சுவர் நேராக இருந்தது. என்னைக் கண்டதும் நாலு பேரும் ஓரமாக விலகி நின்றார்கள். ஒருவன் மண்வெட்டியால் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினான். தினமும் செய்வதைத்தான் செய்தார்கள். நானும் தினமும் செய்வதைச் செய்தேன். கம்பைக் குழிக்குள் நிறுத்தினேன். படம் பிடித்தேன். நீளம் ஏழு, அகலம் மூன்று, ஆழம் ஐந்து, குழி ஒன்று, ஆள் நாலு, முடிந்தது என்று எழுதிக் குழுவில் போட்டேன். என் கையை யாரும் பிடிக்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நான் மயானத்தை விட்டு இறங்குவதற்குள் துரையின் பதில் வந்தது. நாலு ஆளுக்கு ஒரு குழிதானா, காரணம் எழுதவும்.

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு உறைத்திருக்கும். நான் வழியில் நின்று பதில் எழுதினேன், கல் அதிகம் என்று. அனுப்பியும் விட்டேன். அதற்குத்தான் கட்டைவிரல் வந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி என் போனைக் கேட்டாள். அவளுடையதில் சார்ஜ் இல்லை. ராகலையிலிருந்து வந்துகொண்டிருந்த அக்கா எந்த இடத்தில் இருக்கிறார், தலவாக்கலையைத் தாண்டிவிட்டாரா என்று கேட்க வேண்டும். போனைத் திறந்ததும் அந்தக் குழுதான் முன்னால் இருந்தது. படத்தைப் பார்த்தாள், எழுதியதைப் படித்தாள், விரலால் மேலே தள்ளித் துரை கேட்டதையும் என் காரணத்தையும் படித்தாள். பிறகு அக்காவுக்கு எடுத்து, பஸ் எங்கே வருகிறது என்று சாதாரணக் குரலில் விசாரித்தாள். போனைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் துரை துக்கம் விசாரிக்க வந்தார். ஒரு பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்தார். யாரோ அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, படத்துக்குக் கீழே இது மரண வேலை என்று ஒரு வார்த்தை குறிப்பிட்டிருக்கலாமே என்றார். அவருக்குத் தெரிந்த தப்பு அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு பரவாயில்லை என்றார். அவருடைய ஜீப் புறப்பட்டுப் போன பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராஜினாமாக் கடிதத்தை எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த வாரமும் படம் பிடித்தேன் என்பதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அக்கா ராகலைக்குப் புறப்பட ஆயத்தமானார். அவருடைய பையின் பக்கத்தில் இன்னொரு பை இருந்தது. அது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் நீட்டினேன். காலையிலேயே கொடுத்துவிட்டேன், இனி அந்த வேலை இல்லை என்றேன். கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒரு தாளைக் கொடுத்ததற்கு அவள் பையைப் பிரித்துச் சேலைகளை மறுபடி அலுமாரியில் அடுக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதை முழுவதும் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அப்பா எத்தன நாளா ஒண்ணும் சாப்பிடாம கெடந்தாரு?"

மலையில் யார் எது கேட்டாலும் நான் கண் இமைக்காமல் ஓர் எண்ணைச் சொல்வேன். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சொல்வேன். தெரியாது என்று சொல்கிற கண்டாக்கு இன்னும் பிறக்கவில்லை. கேள்வி வந்து முடிவதற்குள் பதில் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மூணு நாள்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"பதினோரு நாளுங்க. ஒவ்வொரு நாளும் காலையில நீங்க சப்பாத்து போடுறப்ப ஒங்ககிட்ட சொன்னேன். ஒவ்வொரு நாளும் சரின்னீங்க."

அக்கா வாசலில் காத்திருந்தார். பஸ் போகும் ரோட்டுக்கு நல்ல ஏற்றம். இரண்டு பைகளையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.