சுவரைத் தள்ளிய பிறகு

வளைகுடாவில், எண்ணெய் ஆலை ஊழியர்களுக்கான ருவைஸ் குடியிருப்பின் மருந்துக்கடையில் வேலை பார்த்த ராதா, நாற்பது வயதில்தான் நீந்தக் கற்றுக்கொண்டாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கியதால் டாக்டர் சொல்லி, கிளப் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய மாலை நேரத்தில் போகத் தொடங்கினாள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்கிற தவளை நீச்சல் அவளுக்கு நன்றாக வந்தது.

2005இல் கிளப் நடத்திய பெண்கள் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவள் கீழக்கரைக்காரி ஜுலைஹா பீவி. அவள் கணவர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. போகும்போது இருவரும் சமமாகத்தான் போனார்கள். சுவரைத் தொட்டுத் திரும்பி மேலே வந்து பார்த்தால், ஜுலைஹா ஓர் ஆள் நீளம் முன்னால் இருந்தாள்.

“திரும்புற எடத்துலதான் விட்டுடறேன். என்னன்னு புரியல,” என்றாள் ராதா, அடுத்த வாரம் உடை மாற்றும் அறையில்.

“நான் அடியில போய்ப் பாக்கவா, அக்கா? யாரும் கிட்ட வராம நீந்துறது எனக்கும் சப்புனு இருக்கு.”

ஜுலைஹா மூச்சை அடக்கிக்கொண்டு குளத்தின் தரையில் போய் உட்கார்ந்தாள். ராதா சில முறை திரும்பிக் காட்டினாள். மேலே வந்த ஜுலைஹா கண்ணாடியைக் கழற்றினாள்.

“சுவத்த ஒதைச்சதும் ஒடனே கைய இழுத்துடறீங்க. அந்த வேகம் அப்படியே வீணாப் போவுது. கைய நீட்டிக்கிட்டுச் சும்மா போங்க. வேகம் கொறையும்போது ஒரு தடவ கையத் தொடை வரைக்கும் இழுங்க. மறுபடியும் சும்மா போங்க. அப்பறம் கைய ஒடம்போட ஒட்டி முன்னாடி கொண்டாந்து, ஒரு ஒதை. அதோட மேல வந்துடலாம்.”

“சும்மா போறதுன்னா, எவ்வளவு நேரம்?”

“பயம் வர்ற வரைக்கும் போங்க, அப்பறம் இன்னுங் கொஞ்சம்.”

ராதாவுக்கு அதுதான் முடியவில்லை. மூச்சு இருந்தது, பொறுமை இல்லை. நீருக்கடியில் அசையாமல் இருந்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள் என்று தோன்றும். கை தானாக விரிந்துவிடும். குளிர்காலம் முழுக்க, நீந்துவதை விட்டுவிட்டுச் சுவரைத் தள்ளிப் போவதை மட்டுமே பழகினாள். ஒரு மாலை கை விரியவில்லை. தரையின் நீலக் கோடு அவளுக்குக் கீழே வெகுதூரம் ஓடியது. வெளியே வந்தபோது எப்போதும் வரும் இடத்தைத் தாண்டியிருந்தாள். யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போய் இன்னொரு முறை செய்து பார்த்தாள்.

மறு வருடப் போட்டியில் ராதா ஒரு கை நீளத்தில் ஜுலைஹாவை முந்தினாள். ஜுலைஹா கைகொடுத்து, “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு குளத்துக்கு வரவில்லை. ராதா போன் செய்தால், உடம்பு சரியில்லை என்றாள்.

“நீ ஜெயிச்சதுல கோவமோ என்னவோ,” என்றார் அவள் கணவர் முத்துராமன்.

“இருக்கலாம். நானா இருந்தாலும் வந்திருக்கும்.”

ரம்ஜான் முடிந்து ஜுலைஹா வந்தாள். குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீரில் விட்டுக்கொண்டு, “ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா. கோவம்தான். ‘நீயே சொல்லிக் குடுத்து நீயே தோத்துட்டே’ன்னு வீட்டுல சிரிச்சாங்க,” என்றாள்.

“இப்ப?”

“இப்ப நீங்க அடியில போங்க. என்னைப் பாருங்க.”

ராதா மூழ்கிப் பார்த்தாள். ஜுலைஹா கைகளை முன்னால் கொண்டுவரும்போது முழங்கை வெளியே விரிந்து நீரைத் தடுத்தது. அதைச் சொன்னாள். ஜுலைஹா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு கையைக் கட்டிக்கொண்டு யோசித்து, மறுபடியும் நீரில் இறங்கினாள்.

அடுத்த வருடப் போட்டியில், குடியிருப்புப் பள்ளிக்குப் புதிதாக வந்த எகிப்திய ஆசிரியை ஒருத்தி இருவரையும் எளிதாகத் தோற்கடித்தாள். ஜுலைஹா இரண்டாவது, ராதா மூன்றாவது. ஆசிரியை எப்படித் திரும்புகிறாள் என்று பார்க்க, அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே குளத்தின் தரைக்குப் போனார்கள்.