வெறும் கறை என்றேன்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பிரிக்கிறேன். மேஜையில் விழும் ஒவ்வொரு தோலையும் கட்டைவிரலால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, இது ஏற்றுமதிக்கு, இது கழிவுக்கு என்று ஒதுக்குவேன். என் கண் தப்பாது என்று முதலாளியே சொல்வார். அந்தத் திமிர்தான் என் வீட்டைக் கெடுத்தது.

என் மனைவி ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை பார்த்தாள். ஒருநாள் தலை வாரிக்கொண்டே கூப்பிட்டாள். இமைகளிலும் கழுத்தின் இருபுறமும் மஞ்சளாகப் படர்ந்திருந்தது.

"இன்னாங்க இது, தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது?"

வெளிச்சத்தில் நிறுத்தி, மேஜையில் பார்ப்பதுபோலவே கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன். வலியில்லை, அரிப்பில்லை. "கெமிக்கல் கறை. மேலாப்புலதான் இருக்குது, உள்ள எறங்கல" என்றேன். நான் சொன்னால் வெளிநாட்டுக்காரனே நம்புகிறான், அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

மஞ்சள் மார்புக்கு இறங்கியபோது, கொழுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்ல, லேபில் ரத்தம் கொடுத்தோம். கொழுப்பு சரியாக இருந்தது. பார்த்தாயா என்று ஜம்பமாகச் சிரித்தேன். பசை படாமல் இருக்கட்டும் என்று அவள் சூப்பர்வைசரைக் கெஞ்சி அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். இரண்டு வருடம் போனது. பிறகு முதுகுவலியில் அவளால் குனியவே முடியவில்லை.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தைப் பார்த்ததுமே தோல் டாக்டரம்மா ரத்தத்தில் புரதம் பார்க்க எழுதினார். எலும்பு மஜ்ஜையையும் ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று எங்களை உட்காரச் சொன்னார்.

"இது சாந்தோமா, தோலுக்குள்ள கொழுப்பு மஞ்சளா படியறது. கொழுப்பு சரியா இருந்தாலும் அபூர்வமா சில பேருக்கு இப்படி வரும். ரத்தத்துல ஒரு கெட்ட புரதம் சேருது. மஜ்ஜையில இருக்கற புத்துநோய்தான் காரணம். எலும்ப நெறைய அரிச்சிடுச்சு."

"பொழச்சுக்குவாளா மேடம்?"

"மருந்து ஆரம்பிக்கலாம். சீக்கிரமே வந்திருக்கணும். மஞ்சள மொதல்ல எப்ப பாத்தீங்க?"

எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

அவள்தான் பேசினாள். "ரெண்டு வருசம் ஆவுது மேடம். நான்தான் இவர்கிட்ட காட்டாம பவுடர் பூசி மறைச்சிட்டேன். பாத்திருந்தா அப்பவே கூட்டியாந்திருப்பாரு."

டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.