சின்னக்கா கொடுத்த வாக்குமூலம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவளைச் சின்னக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, கடிகாரம் பார்க்க வராது. எதுவும் மெதுவாகத்தான் மண்டையில் ஏறும். ஏறியது லேசில் இறங்காது.

ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போன்ல போட்டோ இருக்கா? காட்டேன்" என்று சிரித்துப் பேசினான். காட்டினாள். போனைப் பிடுங்கி, அவளைத் தள்ளிவிட்டு, "போடி லூசு" என்று நடந்தான். ஓடக்கூட இல்லை. சிராய்த்த முழங்கையைவிட அவன் சாவகாசமாக நடந்ததுதான் அவளுக்கு எரிந்தது.

எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அவள் தம்பி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். ஏட்டு தம்பியைப் பார்த்தே கேட்டார்: "என்ன நடந்துச்சாம்? இவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் சின்னக்கா.

அது பெண் எஸ்.ஐ. காதில் விழுந்தது. சத்தமில்லாத சின்ன அறைக்கு அழைத்துப்போய், சின்னக்காவுக்கு நேரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தம்பி வாயெடுத்ததும், "நீங்க கூட இருங்க தம்பி, போதும். அவங்க சொல்லட்டும்" என்றார்.

"எத்தனை மணி இருக்கும்?" என்றதற்குச் சின்னக்கா விழித்தாள். எஸ்.ஐ. கேள்வியை மாற்றினார். "வேலையில கடைசியா என்னம்மா செஞ்சீங்க?"

"மூணாவது மெஷின் நின்னுச்சு. எல்லாத்தையும் மடிச்சேன். கிளம்பிட்டேன்."

மூணாவது மெஷின் எப்போது நின்றது என்று சலவைக்கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டதில் நேரம் தெரிந்துவிட்டது.

"ஆள் எப்படி இருந்தான்?"

சின்னக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எஸ்.ஐ. அவசரப்படுத்தவில்லை.

"நீலச் சட்டை. பாக்கெட் ஓரம் துருக்கறை. அது எதைப் போட்டாலும் போகாது. மூணாவது பட்டன் மட்டும் வெள்ளை நூல்ல தெச்சிருக்கு."

தம்பி வாயைப் பிளந்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடைக் கேமராவில் அந்த நேரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். நாலாம் நாள் ஆள் அகப்பட்டான், சட்டையும் அகப்பட்டது. கோர்ட் விசாரணைக்கு முந்தின நாளே எஸ்.ஐ. அவளை ஆளில்லாத கோர்ட்டுக்குக் கூட்டிப்போய், யார் எங்கே உட்காருவார்கள் என்று காட்டினார். அவன் முகம் தெரியாதபடி நடுவே திரை வைக்க ஏற்பாடு செய்தார்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் மூச்சு விடாமல் ஒரு கேள்வியை இழுத்தார். சின்னக்கா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரொம்ப நீளமா இருக்கு சார். மடிச்சுக் கேளுங்க."

நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியே கேளுங்க" என்றார் வக்கீலிடம். அதன்பிறகு அவள் பதில்கள் பிசகவே இல்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரர்களிடம் பேச எஸ்.ஐ. அவளை அழைத்தார். முப்பது காக்கிச் சட்டைகளுக்கு முன்னால் சின்னக்கா சுருக்கமாக முடித்தாள்: "கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. பதில் வந்துக்கிட்டிருக்கும்."

டீ வந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.